புதனைத் திங்களாக்கியவள்

எனக்கு மூன்று வீடுகள் இருக்கின்றன. குமாசியில், சுவாமே பட்டறைப் பகுதியில், லாரி உதிரிபாகக் கடைகள் இரண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பட்டறைத் தெரு மண்ணில் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்து, அடுத்தவர்கள் தவறவிட்ட நட்டுகளையும் போல்ட்டுகளையும் பொறுக்கி விற்றுத் தொடங்கினேன். இன்றைக்கு ஓடுகிற லாரியின் சத்தத்தை வைத்தே கியர்ப் பெட்டியில் எந்தப் பல் உடைந்திருக்கிறது என்று சொல்லுவேன். இதையெல்லாம் பெருமையாகவே சொல்கிறேன். சொல்லவேண்டியும் இருக்கிறது, ஏனென்றால் நான் பிறந்தது புதன்கிழமை.

எங்கள் அசாந்தி வீடுகளில் பிள்ளை எந்தக் கிழமையில் விழுகிறதோ அதுவே அதன் முதல் பெயர். திங்கட்கிழமைப் பையன் குவாஜோ. அவன் சாந்தமானவன், பெரியவர்கள் சொன்னதைக் கேட்பவன் என்று தொப்புள்கொடி காய்வதற்கு முன்பே தீர்மானித்துவிடுவார்கள். புதன்கிழமைப் பையன் குவாக்கு. அவன் முரடன், சண்டைக்காரன், கை சும்மா இராதவன். இதையும் அன்றைக்கே தீர்மானித்துவிடுவார்கள். நான் குவாக்கு அடுசெய். மூன்று வீடு கட்டிய பிறகும் என் சொந்த அண்ணன் நிமாக்கோ, நான் கொஞ்சம் குரல் உயர்த்தினால், "புதன்கிழமை பேசுது" என்று சிரிப்பார். அவர் எங்கள் குடும்பத் தலைவர். அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிக்கவேண்டும்.

ஆனால் இது என் கதை இல்லை. என் அக்கா மகள் அசபியாவின் கதை.

அசபியா பெரிய அழகியுமில்லை, பெரிய படிப்புமில்லை. ஆளேற்றும் லாரிகள் நிற்கும் கெஜேத்தியா நிலையத்தில் ரொட்டி விற்றாள். தலையில் கண்ணாடிப் பெட்டி, முதுகில் பிள்ளை. ஓடுகிற லாரியோடு கூட ஓடி, ரொட்டியை ஜன்னலுக்குள் நீட்டி, காசை வாங்கிக்கொண்டு, கீழே விழாமல் நிற்பாள். அவளை நான் மதித்ததற்குக் காரணம் அதுதான். கட்டிக்கொண்டதுதான் சரியில்லை. டார்க்வா என்ற லாரி ஓட்டுநர். சேனைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வடக்கே போவான், வருவான். வருகிற அன்று குடிப்பான். குடித்தால் அடிப்பான். மறுநாள் காலையில் மகனை மடியில் உட்காரவைத்து, பிஸ்கட் ஊட்டி, லாரியின் ஹாரனை அமுக்கச் சொல்லிச் சிரிப்பான். இன்றைக்கு ஹாரனை அமுக்கினால் முத்தம், அடுத்த வாரம் அதே ஹாரனை அமுக்கினால் பெல்ட். பையனுக்கு என்னதான் புரியும்? எனக்கே புரியவில்லை.

அந்தப் பையன் பிறந்ததும் புதன்கிழமைதான். குவாக்கு பெப்ரா.

அசபியா விடிவதற்கு முன்பே ரொட்டிக்கூடத்துக்குப் போய்விடுவாள். பையன் எழுந்தால் வீட்டில் ஆள் இருக்காது, அடுப்பில் ஒன்றும் இருக்காது. வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போவான். நேற்று ராத்திரி வீட்டில் நடந்த ரகளையில் தூங்கியிருக்கவும் மாட்டான். வகுப்பில் பக்கத்துப் பையனின் தின்பண்டத்தைப் பிடுங்குவான். வாத்தியார் அவனைக் கடைசி வரிசைக்குத் தள்ளுவார். அங்கே இவனைவிடப் பெரிய, ஃபெயிலான பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் இவனுக்குப் பாடம் எடுப்பார்கள். சாயங்காலம் வாத்தியார் அசபியாவிடம் சொல்லுவார்: "என்னம்மா பண்றது, புதன்கிழமைப் பிள்ளை."

பிரம்பு பிடிக்கத் தெரிந்த வாத்தியாருக்கு, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரியவில்லை.

அக்கா இறந்துபோனதால் அசபியாவுக்கும் அவள் பிள்ளைக்கும் தாய்மாமன்கள் நாங்கள்தான் பொறுப்பு. அண்ணன் குடும்பத்தைக் கூட்டினார். பையனை என்னிடம் விடுங்கள் என்றேன். என் வீட்டில் அறைகளுக்குப் பஞ்சமில்லை.

"ஒரு வீட்டுல ரெண்டு புதன்கிழமையா? கூரை தீப்பிடிச்சுக்கும்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். பையனைத் தம்முடைய கோக்கோ தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒழுக்கம் கற்றுத்தரப் போகிறாராம்.

அங்கே நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அண்ணனுக்கு ஒரு பேரன், இவன் வயசுதான். அவன் திங்கட்கிழமை, குவாஜோ. இரண்டு பேரும் சேர்ந்து, பனைமரத்தில் கட்டியிருந்த கள் பானையின்மேல் கல்லெறிந்தார்கள். பானை உடைந்துவிட்டது. கள் இறக்குகிறவன் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு பையன்களும் முற்றத்தில் நின்றார்கள். யாருடைய கல் பட்டது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"குவாஜோ கல்லெறிய மாட்டான்" என்றார் அண்ணன். "கூட இருந்தவன் தூண்டி விட்டிருப்பான்."

"அண்ணே, ரெண்டு பேர் கையிலயும் மண்ணு ஒட்டியிருக்கு. பாருங்க."

"மண்ணு எல்லார் கையிலயும்தான் ஒட்டும். உனக்கு இவன்மேல பாசம். நீயும் புதன் இல்லையா!"

குவாஜோவைக் குளிக்க அனுப்பினார்கள். குவாக்குவைப் பிரம்பால் வெளுத்தார்கள். அடி விழும்போது அந்தப் பையன் அழவில்லை. குளித்துவிட்டு வந்து வாழைக்காய்ப் பொரியல் தின்றுகொண்டிருந்த குவாஜோவையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் குவாஜோவின் மூக்கை உடைத்தான். "பாத்தியா! சொன்னேனா இல்லையா!" என்று அண்ணன் எனக்கு ஃபோன் செய்தார். என்னவோ ஜோசியம் பலித்ததுபோல அவ்வளவு சந்தோஷம்.

அங்கிருந்து ஒபுவாசியில் ஒரு சித்தி வீடு. அங்கே பள்ளிக்குப் பதிலாகத் தண்ணீர் பாக்கெட் விற்கும் வேலை. அங்கிருந்து டார்க்வாவின் தங்கை வீடு. அவள் தன் பிள்ளைகளுக்குத் தட்டில் போட்டு, இவனுக்குச் சட்டியிலேயே கொடுத்தாள். அங்கிருந்து திரும்பவும் குமாசி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புது விதி, ஒரு புதுப் பிரம்பு. ஆனால் பெயர் மட்டும் அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். கதவைத் திறக்கும்போதே, "ஓ, இவன்தானா அந்தக் குவாக்கு" என்பார்கள். ஒன்பது வயது ஆவதற்குள் பையன் வாயைத் திறந்தால் வசவு, கையை ஓங்கினால் கல். கடைசியில் தகப்பனின் லாரிக் கண்ணாடியையே உடைத்தான். டார்க்வா தாய், பிள்ளை இரண்டு பேரையும் உதைத்தான்.

மறுநாள் அசபியா துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, டெச்சிமான் போகும் லாரியில் ஏறினாள். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும்தான். லாரியில் வைத்துத்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். பிற்பாடு அவளே எனக்குச் சொன்னாள்.

"இங்க பாரு. போற ஊர்ல நம்மள யாருக்கும் தெரியாது. இன்னிலேர்ந்து நீ குவாஜோ."

"நான் புதன்கிழமை பொறந்தவன்மா."

"இல்ல. திங்கக்கிழமை. யார் கேட்டாலும் திங்கக்கிழமை."

வெகுதூரம் போன பிறகு பையன் கேட்டானாம்: "அப்போ என் புதன்கிழமை என்ன ஆகும்?"

"அது குமாசியிலேயே கிடக்கட்டும்" என்றாளாம்.

பள்ளியில் அவன் பெயர் இமானுவேல். அதனால் அங்கே ஒரு தொல்லையும் வரவில்லை. வீட்டில், முற்றத்தில், தெருவில் கூப்பிடுகிற பெயர்தான் மாறவேண்டியிருந்தது.

டெச்சிமானில் அவர்கள் குடியேறியது ஃபோசுவா என்ற பெண்மணியின் வளவில். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். தெருவைப் பார்த்தபடி ஃபோசுவாவின் உறைமீன் கடை. உள்ளே ஆளுயர ஃபிரீசர்கள், பின்கட்டில் கரண்ட் போனால் போடுவதற்கு ஒரு ஜெனரேட்டர். ஃபோசுவா விதவை. பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல். கணக்கில் கெட்டி. அவள் அசபியாவை மீன் விற்க வைத்துக்கொண்டாள். கடை வீட்டு வாசலிலேயே இருந்ததால், முதல் தடவையாக அசபியா பிள்ளை எழும்போது வீட்டில் இருந்தாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். சாயங்காலம் இருட்டுவதற்குள் அவன் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒரே ஒரு விதி வைத்தாள். இன்றைக்கும் அதே விதி, நாளைக்கும் அதே விதி. ராத்திரி ஒரே பாயில் படுத்தார்கள். நடுவில் எழுப்பி உதைக்க ஆள் இல்லை.

ஃபோசுவா குவாஜோ என்ற பெயரைக் கேட்டதுமே, "ஆகா, திங்கக்கிழமைப் பிள்ளையா! மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே, எவ்வளவு அடக்கம்!" என்றாளாம். பையனுக்கு அன்றைக்கு மூஞ்சியில் இருந்தது தகப்பன் உதைத்த வீக்கம்.

முதல் மாதங்களில் அவன் ஒன்றும் உடனே திருந்திவிடவில்லை. குழாயடியில் ஒரு பெண்பிள்ளையின் வாளியைக் கவிழ்த்தான். யாரோ வந்து ஃபோசுவாவிடம் சொன்னபோது, "குவாஜோவா? அவன் அப்படிச் செய்ய மாட்டானே. உடம்பு சரியில்லையோ என்னவோ" என்று அவனைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பையன் திகைத்துப்போனான். தப்புச் செய்ததற்கு நெற்றியைத் தொட்டுப் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

வருஷம் ஓடியது. அவன் ஜெனரேட்டரைப் போடக் கற்றுக்கொண்டான். டீசல் ஊற்றுவது, கயிற்றை இழுப்பது, ஃபிரீசர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவது எல்லாம் அவன் கையில். ஃபோசுவா கடைச்சாவியைக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் மாட்டினாள். பன்னிரண்டு வயசுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையைத் திறந்து வைப்பான். அந்தச் சாவியைக் குளிக்கும்போதும் கழற்றமாட்டான்.

இருக்கும் இடத்தை அசபியா வெகுநாள் கழித்துத்தான் குடும்பத்துக்குச் சொல்லியனுப்பினாள். நான் ஒருமுறை என் வண்டியில் டெச்சிமான் போனபோதுதான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. வளவில் ஆளாளுக்குக் "குவாஜோ, குவாஜோ" என்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அசபியாவைத் தனியே கூப்பிட்டேன்.

"ஏம்மா, புதன்கிழமைன்னா அவ்வளவு கேவலமா? ஒன் மாமன் மூணு வீடு கட்டினது எந்தக் கிழமை?"

"மாமா, உங்களுக்கு மூணு வீடு இருக்கு. என் பிள்ளைக்கு ஒரு சாவிதான் இருக்கு. வாயத் திறந்துடாதீங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். அன்று முழுதும் முற்றத்தில் உட்கார்ந்து, ஃபோசுவா திங்கட்கிழமையின் பெருமைகளைப் பாடியதைக் கேட்டுக்கொண்டு, கிழங்கு இடித்த ஃபுஃபு களியைச் சாப்பிட்டேன்.

அந்தச் சமயம் குமாசியில் எங்கள் சபைக்கு ஒரு சமூகநலத்துறைப் பெண் வந்து பேசினாள். பிள்ளைகள் ஏன் முரடாகிறார்கள் என்பதைப் பற்றி. வீட்டில் அடிதடி இருந்தால், குடி இருந்தால், வீடு விட்டு வீடு மாற்றிக்கொண்டே இருந்தால், ஒருநாள் கொஞ்சி மறுநாள் அடித்தால், பசியும் தூக்கக்குறைவும் இருந்தால், கெட்டவன் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தால், அப்புறம் பள்ளியிலும் தள்ளிவைத்தால் ஆபத்து என்றாள். ஒன்று இருந்தால் கெட்டேபோவான் என்பதில்லை, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும்போதுதான் பாரம் தாங்காது என்றாள். நிலையாக ஒரே ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தாலும் பல பிள்ளைகள் தப்பித்துவிடுகிறார்கள் என்றும் சொன்னாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, "அப்படிச் சொல்லும்மா!" என்று சத்தமாகவே சொன்னேன். அவள் சொன்னது ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுப் பையனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

பேச்சு முடிந்ததும் அண்ணன் எழுந்தார். "எல்லாம் நல்லாச் சொன்னே மகளே. ஆனா கிழமையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"

சபை முழுக்கக் கைதட்டியது. நான் வெளியே போய் என் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன்.

இப்படிப்பட்ட அண்ணன்தான் வெங்கியில் ஒரு சாவுக்குப் போகிற வழியில், கறுப்புத்துணி போர்த்துக்கொண்டு, டெச்சிமானில் இறங்கினார். அசபியாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நல்லெண்ணத்தோடு வந்தாராம். அவருக்குப் பெயர் மாற்றிய விஷயம் தெரியாது. வளவின் வாசலில் நின்று, ஊர்க்கூட்டத்தில் பேசுகிற குரலில் கூப்பிட்டார்:

"குவாக்கு! டேய் குவாக்கு! எங்கடா இருக்கே?"

முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். குவாக்கு என்று அங்கே யாரும் இல்லையே. பையன் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தான்.

"இவனையா சொல்றீங்க பெரியவரே? இவன் குவாஜோ" என்றாள் ஃபோசுவா.

"குவாஜோவா! இவன் பொறந்த அன்னிக்குப் பேர் வெச்சதே நான்தான். பச்சைப் புதன்கிழமை!" என்றார் அண்ணன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கள் பானை, குவாஜோவின் மூக்கு, லாரிக் கண்ணாடி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிமுடித்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சாவுக்குப் போய்விட்டார்.

ஃபோசுவா அசபியாவைத் தாண்டி நடந்தாள். பையனிடம் போய்க் கையை நீட்டினாள். அவன் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு அந்த வளவில் காணாமல்போன பொருளுக்கெல்லாம் ஒரே சொந்தக்காரன். ஒருத்தியின் செருப்பு காணோம், குவாக்கு. உலக்கை காணோம், குவாக்கு. உலக்கையை அடுத்த வீட்டுக்காரி இரவல் வாங்கிப்போயிருந்தாள். செருப்பைத் தூக்கிப்போனது நாய். அதெல்லாம் தெரிந்த பிறகும் யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் இவர்கள். தினமும் பார்த்ததைவிட, யாரோ ஒரு கிழவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னது பெரிசாகிவிட்டது. பையன் வீட்டுக்கு வருகிற நேரம் தள்ளிப்போனது. பேருந்து நிலையத்தின் பின்னால் புகைக்கிற பயல்களோடு நின்றான். செருப்புக்காரியின் மகனை அடித்து உதட்டைக் கிழித்தான். அண்ணனுக்குச் செய்தி போனது. பையனைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பு, திங்கட்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று உத்தரவு போட்டார்.

அசபியா எனக்கு ஃபோன் செய்தாள். "மாமா, அங்க போனா திரும்பி வரமாட்டான். திரும்பி வந்தாலும் அவனா வரமாட்டான்."

வெள்ளிக்கிழமையே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஃபோசுவா தன் சொந்தத்தில் ஒரு சாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் சாவு என்றால் சனிக்கிழமை அடக்கம், ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை, அது முடிந்துதான் திரும்புவார்கள். அடக்கத்துக்கு உடுத்தும் சிவப்புத்துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தவளிடம் நேராகவே கேட்டேன்.

"மூணு வருஷத்துல அவன் உங்க கடையில ஒரு மீன் வாலாச்சும் எடுத்திருக்கானா?"

"எடுக்கல. அதான் பயமா இருக்கு. உள்ளயே அடக்கி வெச்சிருக்கான்."

"நானும் புதன்கிழமைதான்! எனக்கு மூணு வீடு இருக்கு!"

"அதான் இந்தக் கத்து கத்துறீங்க" என்றாள். முற்றமே சிரித்தது. சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் கரண்ட் போனது. ஏதோ மின்மாற்றி வெடித்துவிட்டதாம், எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடை பூட்டிக்கிடந்தது. உள்ளே ஃபிரீசர் நிறைய மீன், ஜெனரேட்டர் இருந்த பின்கட்டுக்கும் கடைக்குள் புகுந்துதான் போகவேண்டும். ஃபோசுவாவுக்கு ஃபோன் போட்டோம். அந்தப் பக்கம் மேளமும் ஒலிபெருக்கியும். "ஆங்? ஆங்? கேக்கல! நாளைக்கு வந்துடுவேன்!" என்று வைத்துவிட்டாள். அப்புறம் அவள் ஃபோனில் சார்ஜ் இல்லை.

ஃபிரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் அன்றைக்குத் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. வளவு முழுக்கக் கடை வாசலில் கூடிவிட்டது. பையன் ஒரு காலி மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"டேய், ஒனக்குத்தானே அந்த மெஷின் தெரியும்? பூட்டை உடைடா!" என்றாள் செருப்புக்காரி. அவள்தான் முந்தின வாரம் அவனைத் திருடன் என்றவள்.

"சாவி என்கிட்ட இல்ல" என்றான்.

"உடைச்சுடு கண்ணு, அம்மா சொல்றேன்" என்றாள் அசபியா.

"சாவி என்கிட்ட இல்லம்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல மீன் கெடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நான் பிறக்கவில்லை. வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தேன். "தள்ளு. நான் உடைக்கிறேன். பூட்டுக்கு நான் காசு கொடுக்கிறேன்."

பையன் எழுந்து கதவை மறித்துக்கொண்டு நின்றான். முரட்டுத்தனம் ஒன்றும் இல்லை. கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

"வேணாம் தாத்தா. நீங்க நாளைக்கு வண்டியில ஏறிப் போயிடுவீங்க. உடைஞ்ச பூட்டு இங்கதான் இருக்கும். அடுத்த வருஷம் கேட்டா, குவாக்கு உடைச்சான்னுதான் சொல்லுவாங்க."

கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தராவது இல்லை என்று சொல்லட்டும் என்று பார்த்தேன். செருப்புக்காரி தன் பிள்ளையின் மூக்கைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவைத்தேன். என் வாழ்க்கையில் கருவி கையில் இருந்தும் வேலை செய்யாமல் நின்றது அன்றைக்குத்தான்.

மதியம் தாண்டி ஃபோசுவா, ஆராதனைக்குக் கட்டிய கறுப்பும் வெள்ளையுமான துணியோடேயே வந்து இறங்கினாள். தெருமுனையிலேயே வாசனை சொல்லிவிட்டது. ஓடிவந்து கதவைத் திறந்தாள். தண்ணீர் காலை நனைத்தது. மேல் தட்டுகளில் இருந்த மீன் போய்விட்டது. அடியில் இருந்தது பாதி உறைந்தும் பாதி இளகியும் கிடந்தது. அவள் போட்ட சத்தத்தில் சாவு வீடே தோற்றுவிடும்.

"ஏண்டா! கல்லு மாதிரி உக்காந்திருக்கியே! மூணு வருஷம் இந்தக் கடையைப் பாத்தவன்தானே நீ? ஒரு பூட்டை உடைக்கத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"உடைச்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க, ஃபோசுவாம்மா?"

அவள் கசிகிற தண்ணீரைப் பார்த்தாள், உடையாத பூட்டைப் பார்த்தாள், சுவரில் சாய்ந்திருந்த என் கடப்பாரையைப் பார்த்தாள். அவள் வியாபாரி. நஷ்டம் எங்கேயிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் தூங்கமாட்டாள். அன்றைக்குக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது, அதனால் அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

"அசபியா, அடியில இருக்கிறதை எடுத்துப் புகை போடலாம். அடுப்பை மூட்டு. எல்லாரும் வந்து கை கொடுங்கடி, வேடிக்கை பாக்காம!" என்று கத்தினாள். பெண்கள் மீனைக் கழுவவும், புகை போட வாலைத் தலையோடு வளைத்துக் குச்சி குத்தவும் உட்கார்ந்தார்கள். புகை கிளம்பியது. பையன் அந்தப் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"குவாக்கு!" என்றாள் ஃபோசுவா.

அவன் திரும்பவில்லை. அந்த வளவில் அந்தப் பெயர் வந்தால் பின்னாலேயே ஒரு குற்றமும் வரும் என்று பழகியிருந்தான்.

"குவாக்கு! காதுல விழலையா? மெஷினைப் போடு. மிச்சம் இருக்கிற ஃபிரீசராவது தாங்கட்டும்." ரவிக்கையிலிருந்து சாவியை எடுத்து அவன் மடியில் எறிந்தாள்.

அவன் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். மெதுவாகத்தான் எழுந்தான். பின்கட்டுக்குப் போனான். ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அசபியா மீனைக் கழுவிக்கொண்டே இருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை, நிமிர்த்தினால் அழுகை தெரிந்துவிடும் என்று.

மறுநாள் அண்ணன் வந்தார், பையனைக் கூட்டிப்போக. ஃபோசுவா கடைவாசலிலேயே மறித்துவிட்டாள்.

"அவன் எங்கயும் வரமாட்டான். எனக்கு நஷ்டத்தை ஈடுகட்ட ஆள் வேணும். குவாக்கு இல்லாம இந்தக் கடை ஓடாது."

"அவன் புதன்கிழமை, அம்மா! தெரிஞ்சே வெச்சுக்கப் போறியா?"

"அந்தக் கிழமையில கடை லீவு இல்லியே" என்றாள்.

அண்ணன் தனியாகத்தான் திரும்பினார், அதுவும் என் வண்டியில். வழியெல்லாம் பேசாமல் வந்தார். ஒருவேளை அவருக்கும் புரிந்துவிட்டது, வயசான காலத்தில் கொஞ்சம் அறிவு வந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். குமாசி எல்லைக்குள் நுழைந்ததும் வாயைத் திறந்தார்.

"எனக்கு இப்பத்தான் விளங்குதுடா. பூட்டை உடைக்காம அவ்வளவு பொறுமையா எப்படி உக்காந்திருந்தான்னு. மூணு வருஷம் அவ திங்கக்கிழமைன்னு கூப்பிட்டிருக்கா இல்ல? அது உடம்புல ஊறியிருக்கு."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன்.